இன்மையும் அறியாமையும்

வாசல்தோறும் சென்று குடிசன மதிப்பெடுக்கும் ஒருவர், பூட்டிய வீடொன்றின் முன் நிற்கின்றார் என்று கொள்வோம். அவர் கதவைத் தட்டுகின்றார், மறுமொழி இல்லை. அவர் கையிலுள்ள ஏட்டிலே அவ்வீட்டுக்குரிய கட்டம் ஒன்று இருக்கின்றது. அதில் அவர் எதனை எழுதுவது? பூச்சியம் என்று எழுதினால், இவ்வீட்டில் எவரும் வாழவில்லை என்பது பொருளாகும். கட்டத்தை வெறுமையாக விட்டு, வீடு பூட்டியிருந்தது, மறுபடியும் வரவேண்டும் என்று ஓரத்திலே குறித்தால், எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பது இன்னும் அறியப்படவில்லை என்பது பொருளாகும். பார்வைக்கு இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு ஒரு சிறு வட்டமே. ஆனால், ஒன்று இன்மையைக் கூறுகின்றது. மற்றது அறியாமையைக் கூறுகின்றது. இவ்விரண்டையும் வேறுபிரித்து எழுதத் தெரிவதே ஆராய்ச்சிக்கு வேண்டிய முதற் பயிற்சி.

ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாகத் திரட்டப்படும் செய்திகளைத் தரவு என்பர். நேரிற் கண்டு குறித்தல், பிறரிடம் கேட்டறிதல், எண்ணுதல், அளத்தல், படியெடுத்தல் எனத் தரவு திரட்டும் வழிகள் பல. இவ்வழிகள் யாவற்றுக்கும் எடுத்துக்காட்டுகள் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் கடலையும் நோக்கினாலே போதும். ஒரு கைதி, ஒரு கல், ஒரு திமிங்கிலம், ஒரு குடிசன மதிப்பு என்னும் நான்கும் அங்கிருந்தே நமக்குப் பாடம் புகட்டுகின்றன.

முதலிற் கைதியின் வரலாற்றை நோக்குவோம். திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடம் அது. 1659ஆம் ஆண்டிலே, மசூலிப்பட்டினத்துக்கு அண்மையில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது தீர்ப்பதற்காக இக்குடாவை நாடியது. கப்பற்றலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் அவர்களோடு வந்தோருமாகப் பதினாறு பேர், 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். நொக்ஸுக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. மறு ஆண்டிலே தந்தையார் நோயுற்று இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டுக் கிராமங்களிலே வாழ்ந்து, 1679ஆம் ஆண்டில் மற்றொரு கைதியுடன் தப்பி, மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். அடுத்த ஆண்டு இலண்டன் சேர்ந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681ஆம் ஆண்டில் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் அது ஜெர்மன், ஒல்லாந்த, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

நொக்ஸ் ஆராய்ச்சிக்கென வந்தவர் அல்லர். வயிற்றுப்பாட்டுக்காகத் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினார். சிறு பண்டங்களைச் சுமந்து ஊர் ஊராகத் திரிந்தார். அதனால் அங்கு வாழ்ந்த மக்களின் மொழியைக் கற்றார். வயல் உழுவதையும், வழக்குத் தீர்ப்பதையும், மணம் முடிப்பதையும், பிணம் எரிப்பதையும் அருகிருந்து கண்டார். ஒரு சமுதாயத்தினுள்ளே நெடுங்காலம் வாழ்ந்து, அதன் மொழியிலேயே பேசி, அதன் தொழிலிலே பங்குகொண்டு அதனை அறிவது இன்று மானிடவியலார் போற்றும் முறையாகும். நொக்ஸ் அம்முறைக்குப் பெயர் அறியாமலே அதனைக் கைக்கொண்டார்.

அவர் நூல் உருவான விதமும் எண்ணத்தக்கது. சிறையிருந்த காலத்தில் மையும் தாளும் அவருக்குக் கிட்டவில்லை. தாயகம் மீளும் கடற்பயணத்திலேயே நினைவில் நின்றவற்றை எழுதலானார். இலண்டனில் அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி. றோயல் சொசைற்றி எனப்படும் வேத்தியற் சங்கத்தைச் சேர்ந்த அவர், நொக்ஸின் நூலுக்கு முன்னுரையும் வழங்கினார். தொலைநாடு செல்லும் மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும், எவற்றை நோக்கவேண்டும், எவற்றைக் குறிக்கவேண்டும் என்று முன்கூட்டியே அறிவுறுத்தல் வேண்டும் என்பது அம்முன்னுரையில் அவர் வற்புறுத்திய கருத்து. அச்சங்கத்தைச் சேர்ந்த றொபேட் பொயில், ஒரு நாட்டின் வானம், நீர், மண், மக்கள், விளைபொருள் ஆகியவற்றைப் பற்றி வினவவேண்டியவற்றை 1666ஆம் ஆண்டிலேயே வரிசைப்படுத்தி வெளியிட்டிருந்தார். இக்காலத்து ஆராய்ச்சியாளர் கையிலேந்திச் செல்லும் வினாக்கொத்துக்கு அதனை ஒரு முன்னோடி எனலாம்.

நொக்ஸின் நூல் நான்கு பகுதிகளை உடையது. நாட்டின் இயற்கை, அரசனும் ஆட்சியும், மக்களும் வழக்கங்களும் என்பன முதல் மூன்று பகுதிகளின் பொருள். நான்காவது பகுதி அவருடைய சிறைவாழ்வையும் தப்பிய வரலாற்றையும் கூறுகின்றது. கதைச்சுவை கருதி இந்த நான்காம் பகுதியையே பலர் படிப்பர். ஆராய்ச்சி நோக்கில் அதற்கு வேறொரு பயனுண்டு. இம்மனிதர் எங்கே இருந்தார், எவ்வளவு காலம் இருந்தார், யாரோடு பழகினார், எம்மொழியிற் பேசினார் என்பவற்றை அப்பகுதி அறிவிக்கின்றது. ஆகவே, முதல் மூன்று பகுதிகளில் எதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்று படிப்பவர் தாமே நிறுத்துப் பார்க்க முடிகின்றது.

அவ்வாறு நிறுத்துப் பார்க்கையில் அந்நூலின் எல்லையும் புலப்படுகின்றது. கண்டி இராச்சியத்துச் சிங்கள மக்களைப் பற்றி விரிவாகப் பேசும் நொக்ஸ், தாம் சிறைபிடிக்கப்பட்ட கொட்டியாரப் பகுதியைப் பற்றியும் தமிழ் மக்களைப் பற்றியும் கூறுவது மிகச் சிறிது. தப்பிச் செல்லும் வழியில் அனுராதபுரப் பகுதியிலே தமிழ் பேசும் மக்களைச் சந்தித்தபொழுது, அவர் அறிந்த சிங்களம் அங்கே பயன்படவில்லை. அவர் மொழியறிவு நின்ற இடத்திலே அவருடைய தரவும் நின்றுவிட்டது. அந்நூலைப் படித்துவிட்டு, கொட்டியாரத்து ஊர்களில் குறிக்கத்தக்க வாழ்க்கை எதுவும் இருக்கவில்லை என்று ஒருவர் முடிவு செய்வாராயின், பூட்டிய வீட்டுக்குப் பூச்சியம் இட்டவர் ஆவார். நூலில் இல்லாதது நாட்டிலும் இல்லாதது ஆகாது.

இனி, கல்லைக் காண்போம். திருகோணமலைச் சுவாமிமலையில் விளங்கிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தனர்; அதன் கற்களைத் தாம் கட்டிய கோட்டைக்குப் பயன்படுத்தினர். இன்று பிரெட்றிக் கோட்டை என வழங்கும் அக்கோட்டையின் வாயிலிலே, மீன் சின்னத்தோடு கூடிய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. அதன் எழுத்துக்கள் சில சிதைந்தும் சில மறைந்தும் உள்ளன. அக்கல்வெட்டோடு தொடர்புடைய பாட்டொன்று மக்கள் வாய்மொழியிலும் வழங்கி வருகின்றது.

கல்வெட்டைப் படியெடுக்கும் முறை எளியதுபோலத் தோன்றும். கல்லை நன்கு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்ல அடித்து எழுத்தின் பள்ளங்களினுள்ளே தாளைப் பதியச் செய்வர். பின்பு மை தோய்ந்த ஒற்றியை மேலே ஒற்றுவர். மேடுகள் கறுக்கும், எழுத்துக்கள் வெள்ளையாகத் தோன்றும். கையால் எழுதிய படியிலே எழுதுபவரின் எண்ணமும் கலந்துவிடக்கூடும். மைப்படியிலோ கல்லின் சிதைவும் சிதைவாகவே விழும். அதுவே மைப்படியின் பெருமை.

இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகின்றது. அழிந்த எழுத்து இருந்த இடத்தை என்ன செய்வது? வாய்மொழிப் பாட்டை அறிந்தவர் அதனைக் கொண்டு இடைவெளியை நிரப்ப விரும்புவார். ஒரு மன்னனின் பெயரை மனத்திற்கொண்டவர் அப்பெயரின் எழுத்துக்களையே அங்கே காண்பார். நிரப்புதல் குற்றமன்று, பல வேளைகளில் அது தேவையுமாகும். ஆனால், கல்லிலே உள்ள எழுத்தையும் தாம் ஊகித்த எழுத்தையும் ஒரே மையால் எழுதிவிடுவது குற்றம். அதனாலேதான் கல்வெட்டறிஞர், ஊகித்த எழுத்துக்களைப் பகர அடைப்புக்குள் இடுவதையும், அறியவியலாத இடத்தைப் புள்ளிகளாற் காட்டுவதையும் மரபாகக் கொண்டுள்ளனர். அப்புள்ளிகள், இங்கே எழுத்து இருந்தது, அது என்ன என்பது தெரியவில்லை என்று நேர்மையோடு கூறுகின்றன. பின்னொரு நாள் வேறொரு கல்லோ ஓலையோ கிடைக்குமாயின், அவ்விடத்தை நிரப்புவதற்கு வழி திறந்திருக்கும். முன்னவர் ஊகத்தை உண்மையென எழுதிவைத்திருந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

கல் கிடந்த இடமும் ஒரு தரவே. 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கியபொழுது, தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியிலே கிடக்கக் கண்டார். ஆதர் சி. கிளாக் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அச்செய்தியை உலகறியச் செய்தது. கடலடியிலுள்ள கல்லொன்றைக் கரைக்குக் கொணர்வது எளிது. அது எந்த ஆழத்தில், எத்திசை நோக்கி, எந்தக் கல்லுக்கு அருகே கிடந்தது என்பதைக் குறியாது கொணர்ந்தால், கல் மிஞ்சும். அதன் செய்தி பெரும்பாலும் போய்விடும். கோட்டைச் சுவரிலே வைத்துக் கட்டப்பட்ட கற்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அவை கோயிலின் எப்பகுதியில் நின்றன என்பதைச் சொல்ல இன்று கல்லுக்கும் வாயில்லை.

கல்லைவிட்டுக் கடலுக்குச் செல்வோம். திருகோணமலைக்கு வெளியே, கரைக்கு மிக அண்மையிலேயே கடலடி பெரும் பள்ளத்தாக்காக இறங்குகின்றது. ஆழ்கடலில் வாழும் திமிங்கிலங்கள் கரையிலிருந்து காணத்தக்க தூரத்துக்கு அங்கே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கடற்றொழிலாளர் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்துள்ளனர். ஆராய்ச்சியேடுகளிலோ அவை மிகப் பிந்தியே இடம்பெற்றன.

அதற்கு முன்னர்த் திமிங்கிலங்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி கொல்லப்பட்ட உடல்களிலிருந்தே கிடைத்தது. நீளம் அளக்கப்பட்டதும், வயிற்றிலிருந்த உணவு ஆராயப்பட்டதும் வேட்டைக் கப்பல்களின் தளத்திலேயாம். திமிங்கிலங்கள் எங்கெங்கே செல்கின்றன என்பதை அறிய, இலக்கம் பொறித்த உருக்குக் குழாயொன்றைத் துப்பாக்கியால் அவற்றின் உடலிற் செலுத்தும் முறை ஒன்றும் இருந்தது. பின்னொரு நாள் அதே திமிங்கிலம் வேட்டையாடப்பட்டு வெட்டப்படும்பொழுது அக்குழாய் அகப்படும். செலுத்திய இடத்தையும் அகப்பட்ட இடத்தையும் கொண்டு அது சென்ற வழியைக் கணிப்பர். ஒரு தரவு முழுமை பெறுவதற்கு ஓர் உயிர் மடிய வேண்டியிருந்தது.

1979ஆம் ஆண்டிலே சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. கொல்லாத இடத்திலே, கொல்லாமல் ஆராய்வது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை தேடி, உலக வனசீவராசிகள் நிதியத்தின் ஆதரவுடன் 'ரியூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பல் 1982ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கடல்களிலே உலாவியது. பத்து மீற்றர் நீளமேயுள்ள அக்கப்பலில் ஹால் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன், அபிகெயில் அலிங் முதலிய இளம் ஆராய்ச்சியாளர் பணிபுரிந்தனர். 1983, 1984ஆம் ஆண்டுகளிலே திருகோணமலைக் கடல் அவர்களுடைய முக்கிய களமாயிற்று.

அவர்கள் கைக்கொண்ட முறைகள் பல. நீலத்திமிங்கிலத்தின் தோலிலுள்ள வெளிறிய புள்ளிகளும் திட்டுகளும் மனிதனின் கைரேகைபோல ஒன்றற்கொன்று வேறுபடுவன. அவற்றைப் புகைப்படமெடுத்து வைத்தால், அதே திமிங்கிலம் மீண்டும் தோன்றும்பொழுது இன்னது என்று அறியலாம். உருக்குக் குழாய் செய்த வேலையை ஒரு புகைப்படம் செய்தது. பெருந்தலையுடைய ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் நீளத்தை அறிய, பாய்மரத்தில் ஏறி, திமிங்கிலமும் அடிவானமும் ஒரே படத்தில் அமையுமாறு புகைப்படம் எடுத்தனர். பாய்மரத்தின் உயரம் தெரியுமாதலால், அடிவானத்துக்கும் திமிங்கிலத்துக்கும் இடையேயுள்ள கோணத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்தனர். தூரத்தைக் கொண்டு நீளத்தைக் கணித்தனர். அத்திமிங்கிலம் எழுப்பும் ஒவ்வொரு 'டக்' என்னும் ஒலியும் உண்மையில் பல துடிப்புகளின் தொடராகும். தலை பெரிதானால் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரமும் நீளும். ஆகவே, நீரடி ஒலிவாங்கியிற் பதிந்த ஒலியிலிருந்தே உடலின் நீளத்தை மதிப்பிடும் முறையைக் கோர்டன் சோதித்துப் பார்த்தார். ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது நல்ல ஆராய்ச்சியின் இலக்கணம்.

நீலத்திமிங்கிலத்தின் பாட்டும் 1984ஆம் ஆண்டில் இக்கடலிலே பதிவு செய்யப்பட்டது. மிகத் தாழ்ந்த ஒலி அது. அலிங்கும் றொஜர் பெயினும் அதனை ஆராய்ந்து விவரித்தனர். இந்து சமுத்திரத்தின் இப்பகுதி நீலத்திமிங்கிலங்களுக்குத் தனியான பாட்டு உண்டு என்பது அதனால் அறியப்படலாயிற்று. பிற்காலத்திலே, அணுவாயுதப் பரிசோதனைகளைக் கண்காணிப்பதற்காக டியேகோ கார்சியாத் தீவுக்கு அருகே கடலில் அமைக்கப்பட்ட ஒலிவாங்கிகளிலும் அதே பாட்டுப் பதிவாகியது. திருகோணமலையிற் பெற்ற பதிவு இருந்தமையாலேயே, தொலைவிற் கேட்ட அக்குரல் எவ்வினத்துக்கு உரியது என்று அறிய முடிந்தது.

இங்கேயும் நாம் தொடங்கிய வினா மீண்டும் எழுகின்றது. ஒரு நாள் முழுவதும் கடலிலே திரிந்தும் ஒரு திமிங்கிலமேனும் காணப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். எழுத என்ன இருக்கின்றது என்று ஏட்டை மூடிவிடலாமா? கூடாது. எத்தனை மணி நேரம் தேடப்பட்டது, எங்கெங்கே தேடப்பட்டது, கடல் அமைதியாக இருந்ததா, அலை எழுந்து பார்வையை மறைத்ததா, எத்தனை கண்கள் நோக்கின என்பன யாவும் எழுதப்படல் வேண்டும். அமைதியான கடலிலே பத்து மணி நேரம் தேடியும் காணாமை ஒரு செய்தி. கொந்தளித்த கடலிலே ஒரு மணி நேரம் நோக்கிக் காணாமை வேறொரு செய்தி. தேடவே செல்லாத நாளோ செய்தியே அன்று. இம்மூன்றையும் 'காணப்படவில்லை' என்னும் ஒரே சொல்லால் எழுதுபவர், தம்மையும் ஏமாற்றிப் பின்வருவோரையும் ஏமாற்றுவார். ஒலிவாங்கிக்கும் இதுவே விதி. பாட்டுக் கேட்கவில்லை என்பதனால் திமிங்கிலம் இல்லை என்றாகிவிடாது. அது பாடாமலும் இருந்திருக்கலாம்.

இவ்வேறுபாட்டின் விலை என்ன என்பதைப் பிற்காலம் காட்டியது. 1983ஆம் ஆண்டிலிருந்து மூண்ட போரினால் வடகீழ்க் கடலிலே இத்தகைய ஆராய்ச்சியைத் தொடர முடியாமற் போயிற்று. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டுக்குத் திருகோணமலைக் கடலின் திமிங்கிலங்களைப் பற்றிய தொடர்ச்சியான தரவு இல்லை. அக்காலத்தில் ஆராய்ச்சி பெரிதும் தென்கரைக்குப் பெயர்ந்தது. அங்கே, தேவேந்திரமுனைக்கு அப்பால் செல்லும் பெருங்கப்பற் பாதையும் நீலத்திமிங்கிலங்கள் இரைதேடும் இடமும் ஒன்றாக அமைந்துள்ளன. 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, முன்முனையிற் சிக்கிய நீலத்திமிங்கிலத்தின் உடலுடன் ஒரு கப்பல் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய மரணங்களால் இவ்வினம் குறைந்து வருகின்றதா என்று கேட்டால், முன்பு எத்தனை இருந்தன என்பது தெரிந்தாலன்றி விடை கூறவியலாது. வெறுமையாய்க் கிடக்கும் ஏட்டின் பக்கங்கள் வாழும் உயிர்களின் மீதே வந்து விழுகின்றன.

வெறுமையிலும் கொடியது பொய். 1963ஆம் ஆண்டுக்கும் 1966ஆம் ஆண்டுக்கும் இடையிலே, சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் வடபகுதியில் 1,200க்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேச ஆணைக்குழுவுக்கு அனுப்பப்பட்ட கணக்குகளோ உண்மைக்கு மாறானவை. 1990களில், அலெக்ஸி யப்ளொக்கோவ், யூரி மிஹலேவ் முதலிய விஞ்ஞானிகள் உண்மைக் கணக்குகளை வெளியிட்டபொழுதே உலகம் அதனை அறிந்தது. கப்பல்களிற் பணிபுரிந்த உயிரியலாளர் சிலர் மெய்யான குறிப்புக்களைப் பேணி வைத்திராவிட்டால் அவ்வுண்மை என்றும் வெளிவந்திராது. வெற்றுக் கட்டத்தைக் கண்டவர் இங்கே ஒன்று குறைகின்றது என்று எச்சரிக்கையடைவார். பொய் எண்ணைக் கண்டவருக்கோ எவ்வித எச்சரிக்கையும் இல்லை.

இறுதியாக, மனிதரை எண்ணும் பணிக்கு வருவோம். இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அதன் பின்னர், ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை அப்பணி நடைபெற்று வந்தது. 1981ஆம் ஆண்டிலே திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரம். 1991ஆம் ஆண்டிலே குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அது நடைபெற்றபொழுது, பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே பணி முழுமையாக நிறைவேறியது. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் சிலவற்றில் பணி நடைபெறவே இல்லை. திருகோணமலை உட்படச் சிலவற்றில் ஒரு பகுதியே எண்ணப்பட்டது. 2012ஆம் ஆண்டிலேதான் இம்மாவட்டம் மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டது. அப்பொழுது சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 79 ஆயிரம்.

ஆக, முப்பத்தொரு ஆண்டுகளுக்கு இம்மாவட்ட மக்களின் முழுமையான எண்ணிக்கை எந்த ஏட்டிலும் இல்லை. இரண்டு எண்களையும் கையிலெடுத்த ஒருவர், வித்தியாசத்தை ஆண்டுகளாற் பிரித்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பேர் பெருகினர் என்று கூறலாம். கணக்கிலே பிழையில்லை. ஆனால், அவ்வாறு பெருகிய ஆண்டு ஒன்றையேனும் அம்மாவட்டம் கண்டிருக்குமா என்பது ஐயமே. இடம்பெயர்ந்து சென்ற குடும்பங்கள், கடல் கடந்து போனவர்கள், போரில் மாண்டவர்கள், 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்கள், பின்னர் மீண்டு வந்தவர்கள் ஆகிய அனைவரும் அந்த ஒரே சராசரியினுள்ளே மறைந்து போகின்றனர். 2001ஆம் ஆண்டுக்குரிய அட்டவணையைப் பயன்படுத்துபவர், அடிக்குறிப்பைப் படியாமல், எண்ணப்பட்ட பகுதியையே முழு மாவட்டம் என்று கொண்டாரானால், எண்ணப்படாத ஊர்களை அவர் இல்லாத ஊர்களாக்கிவிடுவார். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர், இத்தனை பேருக்கு ஒரு மருந்தகம் என்று திட்டமிடுவோர் எண்களைக் கொண்டே திட்டமிடுகின்றனர். ஏட்டில் இல்லாத பிள்ளைக்கு வகுப்பறையில் இருக்கை தேடுவார் யார்?

இப்பாடம் பெருந்திணைக்களங்களுக்கு மட்டும் உரியதன்று. மூதூரிலோ கிண்ணியாவிலோ வினாக்கொத்தைக் கையிலேந்திச் செல்லும் பல்கலைக்கழக மாணவருக்கும் இதுவே பாடம். கடற்றொழிலாளர் ஒருவரிடம் சென்ற மாதம் எவ்வளவு மீன் பட்டது என்று வினவுகின்றார் என்போம். ஒன்றும் படவில்லை என்பது ஒரு விடை. நினைவில்லை என்பது மற்றொரு விடை. சொல்ல விருப்பமில்லை என்பது வேறொரு விடை. அவ்வினாவைக் கேட்பதற்கே நேரம் கிடைக்கவில்லை என்பது நான்காவது நிலை. நான்குக்கும் நான்கு குறிகள் இருத்தல் வேண்டும். பொழுது சாய்ந்த வேளையிலே, களைப்பினால், நான்கையும் ஒரே கோடாகக் கிழித்துவிட்டு வருபவர், பின்னர் எத்துணைச் சிறந்த கணித முறையைக் கையாண்டாலும் அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க மாட்டார்.

சொல்ல விரும்பாதவரின் மௌனத்துக்கும் மதிப்பு உண்டு. பல துன்பங்களைக் கண்ட ஒரு பகுதியிலே, வினாவோடு வரும் அந்நியரைக் கண்டு மக்கள் தயங்குவது இயல்பு. எதற்காகக் கேட்கப்படுகின்றது, விடை யாரிடம் செல்லும் என்பவற்றை முதலிலேயே கூறி, இசைவு பெற்று, அவர்கள் பேசும் தமிழிலேயே கேட்பது ஆராய்ச்சியாளர் கடமை. திமிங்கிலத்தைக் கொல்லாமல் அதனை அறியக் கற்ற விஞ்ஞானம், மனிதரை நோகச் செய்யாமல் அவரை அறியவும் கற்றல் வேண்டும்.

தரவு திரட்டுவோர் தம் ஏட்டின் முதற் பக்கத்திலே எழுதவேண்டியவை சிலவே. யார் கண்டது, எங்கே, எப்பொழுது, எக்கருவியால், எவ்வளவு நேரம், எம்மொழியில் என்பன அவை. அவற்றோடு, எதனைக் காண இயலவில்லை என்பதையும் எழுதுதல் வேண்டும். நொக்ஸின் நான்காம் பகுதியும், கல்வெட்டறிஞரின் புள்ளிகளும், திமிங்கிலம் காணாத நாளின் குறிப்பும், குடிசன அட்டவணையின் அடிக்குறிப்பும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையால் எழுதப்பட்டவை. எனினும், அவை செய்யும் தொண்டு ஒன்றே. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையிலுள்ள வரம்பை அவை காக்கின்றன.

பூட்டிய வீட்டின் முன் நின்ற அவ்வலுவலர் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பை எழுதிக்கொண்டு செல்கின்றார். அன்றைய கணக்கிலே அவருக்கு ஒரு வீடு குறைவுதான். மறுநாள் மாலையில், வயலிலிருந்தோ கடலிலிருந்தோ வீட்டார் திரும்பியிருக்கும் வேளை பார்த்து, அவர் மீண்டும் வந்து அந்தக் கதவைத் தட்டுவார்.